ஐம்பதைக் கடந்த பின் எழுதவும் பாடவும் வரையவும் தொடங்குவோர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலையிலிருந்து விலகியவர்களும் பென்சன் எடுத்தவர்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, எழுதியதை வாசிக்கிறார்கள், தெரிந்ததைப் பாடுகிறார்கள். அந்தக் கூட்டத்தை நடத்தும் நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. புதிதாக யார் வந்தாலும் ஏறத்தாழ இதே ஐயங்களோடுதான் வருகிறார்கள் என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தந்திருக்கிறேன். பதில்களில் பெரும்பாலானவை என் அபிப்பிராயங்கள். சட்டமும் ஆண்டும் வரும் இடங்கள் மட்டும் அப்படியல்ல.

படைப்பாளின்னா யாரு டீச்சர்? புத்தகம் போட்டவங்கதானே?

இல்லை. படைப்பு வெளியே போகும் வழிகளில் புத்தகமும் ஒன்று, அவ்வளவுதான். அதற்கு முன் அந்த வடிவில் இல்லாத ஒன்றை, இப்படியும் செய்யலாம் அப்படியும் செய்யலாம் என்ற நிலையில் இதுதான் வேண்டும் என்று தேர்ந்து உருவாக்குகிறவர் படைப்பாளி.

ஜேம்ஸ் கோஃப்மன், ரொனல்ட் பெகெட்டோ என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2009 இல் படைப்பாற்றலை நான்கு நிலைகளாக வகுத்தார்கள். ஒன்றைக் கற்கும்போது ஒருவர் தமக்குள்ளேயே புதிதாகக் கண்டுகொள்வது முதல் நிலை. அன்றாட வாழ்வில் பிறரும் காணும்படி ஒன்றை ஆக்குவது இரண்டாவது. ஒரு துறையில் தொழில்முறைத் தேர்ச்சி அடைவது மூன்றாவது. அந்தத் துறையின் போக்கையே மாற்றிவிடுவது நான்காவது. பாடப்புத்தகத்தில் நாம் படித்த பெயர்கள் எல்லாம் நான்காம் நிலையைச் சேர்ந்தவை என்பதால், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை என்று நினைத்துப் பழகிவிட்டோம். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது முதல் இரண்டு நிலைகளைப் பற்றி.

நான் எழுதவும் மாட்டேன், பாடவும் மாட்டேன். தைப்பேன், சாமிக்குச் சப்பரம் கட்டுவேன். அதுவும் சேருமா?

சேரும். போன வருடத்துச் சப்பரத்தை அப்படியே இந்த வருடமும் கட்டுகிறீர்களா, அல்லது எங்கோ ஓரிடத்தில் கை நின்று யோசிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கை நிற்கும் இடத்தில்தான் மேலே சொன்ன தேர்வு நடக்கிறது.

ஒப்பாரி வைப்பேன், தாலாட்டுப் பாடுவேன். அது எல்லாரும் பாடுறதுதானே, அதைப் போய்ப் படைப்புன்னு சொல்லலாமா?

எங்கள் கூட்டத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் ஏறக்குறைய அனைவரும் பெண்கள். ஒப்பாரியை யாரும் மனனம் செய்து ஒப்பிப்பதில்லை. இறந்தவரை விளிக்கும் அடிகளும் திரும்பத் திரும்ப வரும் உவமைகளும் பொதுவானவை என்பது உண்மை. ஆனால் அவற்றுக்கு நடுவே இறந்தவர் எந்த மலையில் நின்றார், எந்த மகளைக் கரையேற்றினார், எந்த மருந்து கிடைக்காமல் போனார் என்பதை அந்த இடத்திலேயே, ஓசை தவறாமல், அழுதுகொண்டே கட்டுகிறவர் பாடுகிற பெண்தான். யாப்புப் படித்த பலருக்கு மேசையில் உட்கார்ந்தாலும் வராத காரியம் அது.

மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்திலும் இதையே காணலாம். மாசி அமாவாசைக்குப் பிறகு கம்பம் ஊன்றித் தொடங்கி, மன்மதன் எரிக்கப்படும் நாள்வரை கதை மாறுவதில்லை; ரதி அழுதே ஆக வேண்டும். ஆனால் ஒரு தோட்டத்து ரதி அழுவதுபோல் அடுத்த தோட்டத்து ரதி அழுவதில்லை. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளுக்கும் இது பொருந்தும். வேடம் கட்டியவரும் தப்பு அடித்தவரும் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் சேர்ந்து உண்டாக்கிய வேறுபாடு அது.

இவற்றைப் படைப்பு என்று சொல்ல நாம் தயங்குவதற்குக் காரணம், செய்தவர்களின் பெயர் எங்கும் எழுதப்படாததுதான் என்று நினைக்கிறேன். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947 இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டம் தோட்டமாகக் கேட்ட பாட்டுகளைத் திரட்டி நூலாக்கினார். அவர் செய்திராவிட்டால் பல பாட்டுகள் நமக்குக் கிடைத்தே இருக்காது. அண்ணனைப் பறிகொடுத்த மலையைக் கைநீட்டிக் காட்டும் கோப்பிக்காலப் பாட்டு ஒன்று இன்றும் பாடப்படுகிறது. 1869 இல் கண்ட இலைநோயால் கோப்பி அழிந்து, தேயிலை வந்து, துரைமாரும் போய்விட்டார்கள். அந்தப் பாட்டு மட்டும் நிற்கிறது. அதை முதலில் பாடியவள் யார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆள் இருந்தாள், பெயர்தான் இல்லை.

அறுபதுக்கு மேல மூளையில புதுசா ஏதும் ஏறுமா?

சில மெதுவாகத்தான் ஏறும். உளவியலாளர் ரேமண்ட் கட்டெல் அறிவாற்றலை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். முன்பின் அறியாத சிக்கலைச் சட்டென்று அவிழ்க்கும் திறன் ஒன்று; வாழ்ந்து சேர்த்த சொல்லையும் அனுபவத்தையும் கொண்டு விளங்கிக்கொள்ளும் திறன் மற்றொன்று. முன்னது இளவயதிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. பின்னது அறுபதுகளிலும் பெரும்பாலானோருக்குக் குறையாமல் நிற்கிறது. கதை சொல்லவும் பாட்டுக் கட்டவும் அதிகம் வேண்டியிருப்பது பின்னதுதான்.

கைவிரல் பற்றியும் கேட்கிறார்கள், கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்கள் என்பதால். அமெரிக்காவில் பண்ணைப் பெண்ணாக வாழ்ந்த கிராண்ட்மா மோசஸ் துணியில் பூவேலை செய்துவந்தவர். மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமற்போன பிறகு, எழுபதுகளின் பிற்பகுதியில், தூரிகையை எடுத்தார். 1940 இல் நியூயோர்க்கில் அவருடைய ஓவியங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 101 வயதுவரை வாழ்ந்தார். அவரைப்போல் நீங்களும் புகழ்பெறுவீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கருவி வலித்தால் வேறு கருவிக்கு மாறலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்போ இத்தனை வருஷமா எனக்கே ஏன் இது தெரியல?

விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பிராவில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விட்டு, பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய், சொன்ன நிறை பறித்து, திரும்பி வந்து தண்ணீரும் விறகும் தேடும் ஒருவருக்குத் தம்மைப் பற்றி யோசிக்க எந்த நேரம் மிஞ்சுகிறது? பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை, ஓரிரு ஆசிரியர்களோடு ஆரம்ப வகுப்புகளுக்கு மேல் போகாமல் இருந்தவை. எழுத்தும் கலையும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உரியவை, அங்கும் ஆண்களுக்கு உரியவை என்ற எண்ணம் இந்தச் சூழலில் தானாகவே வேரூன்றியது.

அந்த எண்ணம் பிழை என்பதற்கு மலையகத்திலேயே பழைய சான்று இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளர் கூட்டங்களில் தம் பாட்டுகளைத் தாமே பாடினார். 1940 இல் அவற்றை அச்சிலும் கொண்டுவந்தார். நம் பாட்டிமாரில் சிலர் அவர் பாடியதை நேரில் கேட்டிருக்கக்கூடும். இருந்தும் பெண் பாடுவது வேறு, பாட்டு இயற்றுவது வேறு என்று நம்மை நம்பவைத்துவிட்டார்கள்.

வேலையிலிருந்து விலகிய பிறகே பலருக்கு இது தெரியவருவதில் வியப்பில்லை. வேலைக்காலத்தில் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியை எடுக்கும் வயது பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. அந்தப் பணம் கைக்கு வரும் காலத்தில்தான் யாரும் கேட்டுவராத ஒரு பிற்பகலும் வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைக்கிறது.

எதைப் பத்தி எழுதுறது? என் வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலையே.

இப்படிச் சொல்கிறவரிடம் நான் பிறந்த ஆண்டைக் கேட்பேன். 1950களிலோ 60களின் தொடக்கத்திலோ பிறந்தவர் என்றால், ஒன்றும் நடக்கவில்லை என்பதை ஏற்கமாட்டேன். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான பெற்றோருக்குப் பிறந்தவர்கள் நீங்கள். 1964 இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது, இப்படி நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு எழுதப்பட்டது. அந்த மீதியை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த எண்கள் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. உங்கள் சித்தி ரயிலேறிய அன்று எந்தச் சேலை கட்டியிருந்தாள், பெட்டிக்குள் என்ன வைத்தாள், எதை உங்கள் வீட்டில் விட்டுச்சென்றாள், தலைமன்னாருக்குப் போய்ச் சேர்ந்ததாக எழுதிய கடிதத்துக்குப் பின் எத்தனை கடிதம் வந்தது என்பவை எந்த நூலிலும் இல்லை.

1973, 74 ஆம் ஆண்டுகளில் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த மாவும் அரிசியும் குறைந்து தோட்டங்களில் பட்டினி கிடந்ததும் அப்படித்தான். அந்தக் காலத்தில் எந்தக் கிழங்கை எப்படி வேகவைத்தீர்கள், யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பெரிய நிகழ்ச்சியை விளக்க முற்பட வேண்டாம். அது நடந்தபோது உங்கள் கையில் என்ன இருந்தது என்று எழுதத் தொடங்குங்கள். இதில் சோகம்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. எங்கள் கூட்டத்தில் இதுவரை அதிகம் ரசிக்கப்பட்டது, கணக்கப்பிள்ளையின் குடையை ஆடு தின்ற கதை.

எட்டாம் வகுப்போட நின்னவ நான். எழுத்துப்பிழை நிறைய வருமே?

வரும். திருத்துவதற்கு ஆள் இருக்கிறது. நீங்கள் சொல்வதைச் சொல்லத்தான் வேறு ஆள் இல்லை. ஒரு சி.ஆர். கொப்பியில் பிழையோடு எழுதுங்கள், அல்லது கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்து பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். ஆனால் பேரப்பிள்ளை எழுதி முடித்ததும் கட்டாயம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகள் நல்லெண்ணத்தோடு உங்கள் வாக்கியத்தைப் பரீட்சைக் கட்டுரைபோல் மாற்றிவிடுவார்கள்.

என்னோடது தோட்டத்துப் பேச்சு. அதை எழுதினா வெளியில யாரு மதிப்பாங்க?

தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், லயத்துப் பேச்சை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் பேசும் பேச்சை, தம் கதைமாந்தர் வாயில் வைத்தே எழுதினார். 2013 இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்குத்தான் வழங்கப்பட்டது. அங்குள்ள வாசகர்களுக்குப் பிரட்டும் தவறணையும் படங்கும் முதலில் புரியாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் கதையோடு சேர்த்து விளங்கிக்கொண்டார்கள்.

விவரணையைப் பொதுத் தமிழிலும் பேச்சைத் தோட்டத் தமிழிலும் எழுதுவது ஒரு வழி. முழுவதையும் பேச்சிலேயே எழுதுவது இன்னொரு வழி. இரண்டையும் ஒவ்வொரு பக்கம் முயன்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள். வானொலி அறிவிப்பாளர் தமிழுக்கு மாறுவது மட்டும் வேண்டாம்; அதில் உங்கள் அம்மாவைப் பேசவைக்க முடியாது.

வீட்டுல சிரிக்கிறாங்க. "இந்த வயசுல என்னம்மா கவிதை?"ன்னு மகன் கேக்குறான். எழுத உக்காரவும் இடமில்லை.

மகன் உங்களை அம்மாவாக மட்டுமே அறிந்தவர். அவர் சிரிப்பதில் கெடுதல் எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. பழக்கமில்லாத ஒன்றைக் கண்ட கூச்சமாகவும் இருக்கலாம். முதல் பிரதியை வீட்டாருக்குக் காட்டாதீர்கள் என்பதே என் ஆலோசனை. அவர்கள் ஒன்று அளவுக்கு மீறிப் பாராட்டுவார்கள், இல்லாவிட்டால் கேலி செய்வார்கள். இரண்டாலும் உங்களுக்குப் பயனில்லை. உங்களைப்போலவே தொடங்கிய இன்னொருவருக்கு முதலில் காட்டுங்கள்.

இடம் உண்மையான பிரச்சினை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில், தொலைக்காட்சியும் பிள்ளைகளின் படிப்பும் ஒன்றாக ஓடும்போது, தனியறையில் அமர்ந்து எழுதச் சொல்லும் அறிவுரை கேலியாகத்தான் ஒலிக்கும். கோவில் மண்டபம், வாசிகசாலை, மத்தியானத்தில் ஆளில்லாத இஸ்தோப்பு (வீட்டு முன்திண்ணை) என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் நடக்கும்போதே கட்டுகிறார்கள்.

என் கதை என் குடும்பத்துக் கதை. எழுதினா சண்டை வராதா?

வரக்கூடும். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் அது போதாது. டிவிசன், வருடம், கால் ஊனமான மாமா என்ற மூன்றும் சேர்ந்தால் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். உயிரோடு இருப்பவரின் இரகசியம் என்றால் அவரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். எழுதுவதும் வெளியிடுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டியவை அல்ல. உங்களுக்கு ஒருவர் இழைத்த கொடுமையைப் பற்றியது என்றால் என் பதில் வேறு: அதை எழுத அவரிடம் அனுமதி கேட்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எப்போது, யாரிடம் காட்டுவது என்பதை மட்டும் உங்கள் பாதுகாப்பை முன்வைத்து முடிவு செய்யுங்கள்.

நான் பாடினதை ஒரு தம்பி போன்ல எடுத்துப் போட்டுட்டான். என் பேரே இல்லை. பாட்டு யாருக்குச் சொந்தம்?

நீங்களே இயற்றிய பாட்டு உங்களுக்குச் சொந்தம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை கிடைக்க எங்கும் பதிய வேண்டியதில்லை. ஆக்கியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். வழிவழியாக வந்த பாட்டு என்றால் அது தனியொருவருக்குச் சொந்தமில்லை. ஆனால் பாடி நிகழ்த்துபவருக்கும் அதே சட்டத்தில் உரிமைகள் உண்டு. ஒப்பாரியைப் பற்றி மேலே சொன்னதை நினைவில் கொண்டால், உங்கள் பாட்டில் வழிவந்தது எது, நீங்கள் கட்டியது எது என்று பிரித்துச் சொல்ல உங்களால் முடியும்.

நடைமுறையில் சட்டத்தைவிட எளிய ஒரு வழி உதவுகிறது. யார் பதிவுசெய்தாலும், பாடத் தொடங்குமுன் உங்கள் பெயர், தோட்டம், திகதி, பாட்டை யாரிடம் கேட்டீர்கள் என்பதை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். அதை வெட்டி எறிய வேண்டுமானால் அந்தத் தம்பி வேண்டுமென்றே செய்ய வேண்டியிருக்கும்.

புத்தகம் போடலாமா? சேமலாபக் காசு கொஞ்சம் இருக்கு.

அந்தக் காசைத் தொடாதீர்கள். நம் நாட்டில் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை எழுதியவரே செலவழித்து அச்சிடுபவை. வெளியீட்டு விழாவில் முதற் பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வாங்குபவர்களின் தயவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். மீதிப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் இருக்கும். விழாக்களுக்குப் போய்வந்த எல்லாருக்கும் இது தெரியும், யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை.

முதலில் பதினாறு பக்கம் போட்டோப்பிரதி எடுத்துத் தைத்து, வாசிக்கக்கூடிய பத்துப் பேருக்குக் கொடுங்கள். அதன் பிறகும் அச்சிட விரும்பினால், சர்வதேசத் தர நூல் எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறலாம். 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் இணையத் தமிழ் நூலகத்தில் ஈழத்து, மலையக நூல்கள் ஏராளமாக இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன; அங்கே நமக்கு முன்னால் எழுதியவர்களை வாசித்துவிட்டு அச்சகத்துக்குப் போவது நல்லது.

இருபது வயசுல எழுதினேன், அப்புறம் விட்டுட்டேன். இப்போ தொடங்கினா அது தொடர்ச்சியா, புதுசா?

எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்த எழுத்தாளர் அ. முத்துலிங்கத்தின் முதல் கதைத்தொகுப்பு 1964 இலும் அடுத்தது 1995 இலும் வந்தன. இடையில் அவர் உத்தியோகம் பார்த்தார். பழைய கொப்பி இருந்தால் எடுத்து வாசியுங்கள். வாசித்து வெட்கப்பட்டால் மூடிவைத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.

எல்லாம் செய்றேன் டீச்சர். ஆனா என்னை நானே எழுத்தாளர்னு சொல்ல வெக்கமா இருக்கு. எப்போ சொல்லலாம்?

சொல்லாமலே இருக்கலாம். அந்த உணர்வு வந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அது வருவதில்லை. எழுதிக்கொண்டே போகிறவர்களுக்கு எப்போதோ வந்து சேர்கிறது, வந்ததைக் கவனிக்கவும் அவர்களுக்கு நேரமிருப்பதில்லை. இதை நான் வலிந்து சொல்வதற்குக் காரணம், பட்டத்தை முதலில் சூட்டிக்கொண்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதுதான். விசிட்டிங் காட்டில் மூன்று பட்டம், கொப்பியில் மூன்று பக்கம்.

நான் கேட்பது சிறிய விஷயம். எழுதி முடித்த ஒவ்வொன்றின் அடியிலும் முழுப்பெயரும் தோட்டத்தின் பெயரும் திகதியும் எழுதுங்கள். கூட்டத்துக்கு முதன்முறை வருகிறவர்களில் பலர் இதற்குத்தான் அதிகம் தயங்குகிறார்கள். கதையை உரக்க வாசிப்பவர்கள்கூட அடியில் பெயர் எழுதச் சொன்னால், "அது எதுக்கு டீச்சர்?" என்பார்கள். கோப்பிக்காலப் பாட்டைப் பற்றி மேலே எழுதியதைத்தான் அவர்களுக்குப் பதிலாகச் சொல்வேன்.

நான் எழுதுறது நல்லா இல்லைன்னா? அப்பவும் நான் படைப்பாளிதானா?

ஆம், எழுதியது நன்றாக இல்லாமலும் இருக்கலாம். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். வயதானவர்கள் எழுதினார்கள் என்பதற்காகவே எதையும் அருமை என்று புகழ்வது அவர்களைக் குழந்தைகளாக்குவது என்று நான் கருதுகிறேன்; எங்கள் கூட்டத்தில் அதற்கு இடமில்லை. இந்தக் கண்டிப்பு பிடிக்காமல் நின்றுவிட்டவர்களும் உண்டு.

அதற்காகக் குறை சொல்லிக்கொண்டும் இருப்பதில்லை. வாசித்து முடித்ததும் கேட்டவர்கள் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்ல வேண்டும்: எந்த இடம் கண்ணில் நிற்கிறது, எந்த இடத்தில் கவனம் விலகிப் போனது. எழுதியவர் அப்போது விளக்கம் தரக்கூடாது. குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், விரும்பினால் திருத்தி, அடுத்த மாதம் மீண்டும் வாசிக்கலாம். திருத்த மாட்டேன் என்பதும் அவருடைய உரிமை. பொழுதுபோக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கும் இதைத்தான் காட்டுவேன்: திரும்ப எழுதிய இரண்டாவது பிரதியோடு வருகிறவருக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. கூட்டம் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும். கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்துவிடுவோம்.